கஞ்சி போட்ட கூந்தல்

அத்தியாயம் பதினொன்று

மாதா திருவிழா அன்று ஜோகுபாளையத்தில் யாரும் அடுத்த வீட்டு விஷயத்தைக் கவனிப்பதில்லை. நேரம் இருப்பதில்லை. அந்த ஒரு நாள் பட்டினியை மறுநாள் சேர்த்து வைத்துத் தீர்த்துக்கொள்வோம். ஆனால் இந்த வருஷம் ரெமிஜியஸ் குடும்பம் எங்களுக்கு அந்தச் சிரமத்தைக் கொடுக்கவில்லை. ஊரே கூடியிருந்த கோயிலில், பாடல் பூசையின் நடுவில், எல்லோரும் வசதியாகப் பார்க்கும்படி எல்லாவற்றையும் நடத்திக் காட்டிவிட்டார்கள்.

ரெமிஜியஸை உங்களுக்குத் தெரியும். பட்டாளத்துத் துரைமார்களுக்கு உடுப்புத் தைக்கும் கடையில் கட்டிங் மாஸ்டர். முப்பது வயதிலேயே தலையில் ஒரு முடி மிச்சமில்லாமல் வழுக்கையானவர். அவர் மனைவி பிரிஜெட், கோயில் துணிகளைத் துவைத்துக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்து தருபவள். அவள் கஞ்சி போட்ட துணியைக் கீழே வைத்தால் நிற்கும். தள்ளினால் மட்டும் விழும். இவர்களுடைய ஒரே பெண் பெர்னதெத்துக்குப் பதினைந்து வயது. அந்தப் பெண்ணின் முடிதான் பத்து வாரமாக நம் கதை.

அது சுருட்டை முடி என்று சொன்னால் சுருட்டை முடிக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஒவ்வொரு மயிரும் தனித்தனியாக வீட்டை விட்டுக் கிளம்பிய மாதிரி இருக்கும். எங்கே போகிறோம் என்று அவைகளுக்குள் ஒரு பேச்சுவார்த்தையும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு 'நாரு' என்று பெயர். இதுவரை எடுத்த எல்லாப் போட்டோவிலும் கடைசி வரிசை.

"எல்லாம் அவங்க அப்பா வீட்டு முடி" என்று பிரிஜெட் பதினைந்து வருஷமாகச் சொல்லி வருகிறாள். சரிபார்க்கலாம் என்றால் ரெமிஜியஸின் தலையில் சாட்சிக்கு ஒன்றுமில்லை.

அப்படிப்பட்ட பெண்ணைக் கன்னிமடத்து மதர் கூப்பிட்டு, திருவிழாவில் மாதா கொடியின் நாலு ரிப்பன்களில் ஒன்றைப் பிடிக்கச் சொன்னதும், அவள் மூன்று நாள் தூங்காததும் போன வாரம் பார்த்தோம். மதர் இரண்டு நிபந்தனை போட்டிருந்தார். முடி முக்காட்டுக்கு வெளியே நீட்டக்கூடாது. எண்ணெயும் வைக்கக்கூடாது. போன வருஷம் பெர்னதெத் தலையில் பிரிஜெட் வழித்துத் தேய்த்த விளக்கெண்ணெய் மடத்து முக்காட்டில் ஏறி, இன்றுவரை போகவில்லை. நிபந்தனை தவறினால் ரிப்பன் கிளாரன்ஸ் பெண் ஜூடித்துக்கு. ஜூடித்தின் முடி தண்ணீர் ஊற்றிய மாதிரி நேராக இறங்கும். அதில் அவளுடைய சாமர்த்தியம் ஒன்றுமில்லை. ஆனாலும் அவள் அம்மா அதைத் தானே நெய்த மாதிரி பேசுவாள்.

திருவிழா விடியற்காலையில் பிரிஜெட்டின் அடுப்பில் ஜவ்வரிசிக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. சாயங்கால ஊர்வலத்தில் மாதா சப்பரத்தைச் சுற்றிக் கட்டும் மடிப்புத் துணிக்கு அது. கஞ்சி கண்ணாடி மாதிரி வந்ததும், துணியின் வெள்ளை எடுத்துக் காட்டட்டும் என்று கொஞ்சம் நீலம் கரைத்து ஊற்றினாள். பிறகு கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, தூங்கி எழுந்து வந்த மகளின் தலையைப் பார்த்தாள். பானையைப் பார்த்தாள். மறுபடி தலையைப் பார்த்தாள்.

"இங்க வந்து உக்காரு."

"அம்மா, அது துணிக்குப் போடறது."

"துணி மட்டும் என்னா, நூல்தானே? லேஸையே படிய வெச்சவ நான். இது என்னா பிரமாதம்?"

"நீலம் போட்டிருக்கே."

"கறுப்பு மேல நீலம் எவ கண்ணுக்குத் தெரியப்போவுது? எண்ணெய் கூடாதுன்னாங்க. கஞ்சி கூடாதுன்னு சொன்னாங்களா?"

மதர் சொல்லவில்லைதான். உலகத்தில் எந்த மதருக்கும் அப்படிச் சொல்லத் தோன்றியிருக்காது.

பானையில் இருந்தது முழுக்கத் தீர்ந்தது. பிரிஜெட் கஞ்சியை வழித்து வழித்துப் பூசி, சீப்பால் இழுத்து, உள்ளங்கையால் அழுத்தி, மகளைக் கரி அடுப்புக்கு முதுகு காட்டி ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தாள். காய்ந்த பிறகு பெர்னதெத் எழுந்து நின்றாள். தலை படிந்திருந்தது. படிந்திருந்தது என்றால், பலகை மாதிரி.

ரெமிஜியஸ் விரல் முட்டியால் லேசாகத் தட்டிப் பார்த்தார். "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்றார்.

பெர்னதெத் சிரித்துவிட்டாள். கண்ணாடி முன்னால் நிற்காத பெண் அன்று போய் நின்றாள். இந்தப் பக்கம் திரும்பினாள், அந்தப் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, நான் ஜூடித் மாதிரியே இருக்கேன்."

பிரிஜெட் சீப்பில் ஒட்டிய கஞ்சியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அன்றைக்கு அது மூன்று மணி நேரம்தான் இருந்தது.

செப்டம்பர் மாதத்துத் தூறல் எப்படி என்று கண்டோன்மெண்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். பெய்கிறதா என்று கை நீட்டிப் பார்த்தால் இல்லை போலிருக்கும். வீட்டுக்கு வந்து பார்த்தால் சட்டை பிழியும்படி இருக்கும். பூசைக்கு முன்னால் ரிப்பன் பெண்கள் நாலு பேரும் கோயில் முற்றத்தில் அரை மணி நேரம் வரிசையில் நின்றார்கள். பிறகு உள்ளே போய் முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள். உள்ளே நெருக்கம், மெழுகுவத்தி, மூச்சு, சாம்பிராணி. கஞ்சி இளகுவதற்கு வேறென்ன வேண்டும்?

பிரசங்கம் நடக்கும்போது முதல் சொட்டு இறங்கியது. நெற்றியிலிருந்து மூக்கு வரை, வெள்ளையில் நீலம். மாதாவுக்கு உகந்த நிறம்தான். அடுத்தது காதோரம். அதற்கடுத்தது முக்காட்டில்.

இரண்டாவது வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஜூடித் குனிந்து, "ஏய், உன் தலை அழுவுதுடி" என்றாள்.

பெர்னதெத் கையால் துடைத்தாள். கன்னமெல்லாம் பூசிக்கொண்டது.

அதோடு நின்றிருந்தால் கூடப் பரவாயில்லை. கஞ்சி இளகியதும் முடிக்குத் தன் பழைய புத்தி திரும்பிவிட்டது. ஒவ்வொன்றாக எழுந்தது. அதன் மேல் இருந்த முக்காடும் எழுந்தது. சாமியார் அந்தப் பக்கம் திரும்பி நற்கருணையை உயர்த்திப் பிடிக்கிறார், இந்தப் பக்கம் பெர்னதெத்தின் முக்காடு மெதுவாக, யாரோ நூல் கட்டி இழுப்பது மாதிரி உயர்கிறது. பின்னால் யாரோ மூக்கால் சிரித்தார்கள். கிளாரன்ஸ் மனைவிக்கு இருமல் வந்து, கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டாள். அது இருமல் இல்லை என்று கைக்குட்டைக்கே தெரியும்.

மதர் எழுந்து வந்தார். பெர்னதெத்தின் முழங்கையைப் பிடித்து நடுவழியில் நிறுத்தினார். முக்காட்டை விரல் நுனியால் தூக்கிப் பார்த்தார். பிறகு தான் புத்தகத்தில் படித்த தமிழில், ரொம்ப மெல்லிய குரலில், ஆனால் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படி கேட்டார்:

"இந்தப் பெண்ணின் தாய் எங்கே?"

பிரிஜெட் மூன்றடி தள்ளி, அந்தோணியார் சுரூபம் வைத்த தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். கூப்பிட்டால் கை நீட்டித் தொடும் தூரம். அவள் முந்தானையை நெற்றி வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். ஒரு காலைப் பின்னால் வைத்தாள். அடுத்த காலையும் வைத்தாள். தூணுக்குப் பின்னால் போய்விட்டாள்.

நல்ல பருமனான தூண்தான். ஆனாலும் சேலையின் ஓரம் நாலு விரற்கடை வெளியே தெரிந்தது. பெர்னதெத் அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாரா வாரம் அதைக் கொடியில் காயப் போடுகிறவளே அவள்தானே.

"இந்தப் பெண்ணுக்கு யாரும் இல்லையா?"

நாங்கள் முப்பது குடும்பம் அந்தக் கோயிலில் இருந்தோம். எல்லோருக்கும் அவளைத் தெரியும்; அவள் பிறந்தபோது பார்க்கப் போனவர்கள்தான் பாதிப் பேர். ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் செபமாலையில் அப்போது பார்த்து ஒரு சிக்கு விழுந்திருந்தது. நான் அதை எடுத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஆண்கள் பக்கத்திலிருந்து ரெமிஜியஸ் எழுந்து வந்து, கையிலிருந்த தொப்பியை மகள் தலையில் வைத்து, வெளியே கூட்டிக்கொண்டு போனார். வாசலில் பூக்காரி, "அய்யோ பாப்பா! ஏனாய்த்தம்மா மகளிகே?" என்று கன்னடத்தில், பெண்ணுக்கு என்ன ஆயிற்றோ என்று பதறினாள். அன்று காலை அந்தப் பெண்ணுக்காக யாராவது பதறினார்கள் என்றால் அந்தப் பூக்காரி ஒருத்திதான். அவள் நம் கோயிலைச் சேர்ந்தவள் கூட இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பெர்னதெத் அப்பாவின் தையல் அறைக்குள் போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். சுவரில் மாட்டியிருந்த பெரிய கத்தரிக்கோலை எடுக்கும் சத்தம் வெளியே கேட்டது.

ரெமிஜியஸ் கதவருகில் போனார். இந்த மாதிரி நேரத்தில் ஒரு தகப்பன் சொல்ல வேண்டிய வார்த்தைகள் எவ்வளவோ இருக்கின்றன. அவருக்கு வந்தது ஒன்றுதான்.

"பெர்னதெத், அது துணிக் கத்தரிம்மா. முடியை வெட்டினா மழுங்கிடும்."

"உங்களுக்குக் கத்தரிதான் பெருசு!"

"இல்லம்மா, நான் சொல்ல வந்தது என்னான்னா..."

'நறுக்'கென்று ஒரு சத்தம். ரெமிஜியஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

"பாதி தலையை வெட்டிட்டு விட்டா மதர் மொத்தமா மொட்டை அடிச்சுடுவாங்கல்ல? அதான் பண்ணப் போறேன். மொட்டைக்கு யாரும் சிரிக்க மாட்டாங்க. வியாதின்னு நெனச்சுப்பாங்க."

அப்போதுதான் பிரிஜெட் வீட்டுக்குள் வந்தாள். பூசை முடிந்து கூட்டமெல்லாம் கலையும்வரை தூணுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டு, பக்கச் சந்து வழியாக வந்திருந்தாள். மூடிய கதவைப் பார்த்தாள். புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

"மத்தியானம் வரைக்கும் எப்பிடியாவது பேச்சு குடுத்துக்கிட்டே இருங்க" என்றாள். "நான் மௌரீனைக் கூட்டியாறேன்."

ரெமிஜியஸ் கண்ணைத் திறந்தார்.

மௌரீன் அவருடைய தங்கை. அல்சூர் கடைத்தெருவுக்குப் பின்னால் தனியாகக் குடியிருக்கிறாள். துரைசானிகள் தலை அலங்காரம் செய்துகொள்ளும் ஓர் இடத்தில் கையாள். பிரிஜெட் சொல்லும்போது, "வெள்ளைக்காரி மயிரைக் கூட்டி அள்ளுற வேலை" என்பாள். மூன்று வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. ஏன் என்று நம் தெருவுக்குத் தெரியாது. நம் தெருவுக்கே தெரியாத விஷயம் என்றால் அதன் கனத்தை யோசித்துப் பாருங்கள். மாமியார் வளையல் என்றார்கள் சிலர். ஞானஸ்நான விருந்தில் சோறு போட்ட விதம் என்றார்கள் சிலர். நானே இரண்டு காரணம் கற்பித்துப் பரப்பியிருக்கிறேன். இரண்டும் தப்பு.

பிரிஜெட் ஜட்கா கூடப் பிடிக்காமல் நடந்தே போனாள். மௌரீன் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தாள். அந்த வீட்டுச் சுவர்கள் மெல்லியவை, அடுத்த குடித்தனக்காரி எனக்கு வேண்டியவள். ஆகவே வார்த்தைக்கு வார்த்தை சொல்ல முடிகிறது.

"வாங்க அண்ணி. மூணு வருஷத்துல வழி மறந்திருக்கும்னு நெனச்சேன்."

"பெர்னதெத் கதவைச் சாத்திக்கிட்டா. கையில உங்க அண்ணன் கத்தரி."

பிரிஜெட் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கஞ்சி என்றதும் மௌரீனுக்குப் புரை ஏறியது. நீலம் என்றதும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிரிஜெட் பொறுத்துக்கொண்டாள். சிரிப்பு அடங்கியதும், சொல்லாமல் விட்டிருக்கக்கூடிய ஒன்றையும் சொன்னாள்.

"மதர் அம்மா எங்கேன்னு கேட்டாங்க. நான் தூணுக்குப் பின்னாடி போயிட்டேன், மௌரீன்."

மௌரீன் கை கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள்.

"எங்க எடத்துக்கு வர்ற துரைசானிங்க மிஷின் கீழ மூணு மணி நேரம் தலை வேகுற மாதிரி உக்காந்துட்டுப் போறாங்க, அண்ணி. எதுக்கு? முடி சுருளணுமாம். அது ஒரு மழைக்கு நிக்கறதில்ல."

"அந்தக் கதையெல்லாம் அப்பறம் சொல்லு. அவ முடியைப் படிய வெக்க முடியுமா, முடியாதா?"

"படியாது. ஆனா பார்க்க நல்லா இருக்கிற மாதிரி பண்ணலாம். வர்றேன். அவ தலையை நான் தொட மாட்டேன். நீங்கதான் பண்ணணும். அதுக்கு முன்னாடி உங்க தலையை அவ எதிர்ல அவுக்கணும்."

பிரிஜெட்டின் கை தானாகக் கொண்டைக்குப் போனது.

இங்கே ஒரு விஷயம். பிரிஜெட்டின் தலை அவிழ்ந்திருக்கப் பார்த்தவர்கள் ஜோகுபாளையத்தில் கிடையாது. வெள்ளிக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு தலைக்குக் குளிப்பாள். வெளியே வரும்போது கொண்டை போட்டுத்தான் வருவாள். உருண்டையாக, வழவழப்பாக, எண்ணெய் மினுக்கும் கொண்டை. நாங்கள் கண் வைத்த கொண்டை அது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை மௌரீன் தட்டாமல் கதவைத் திறந்துவிட்டாள். அதுதான் சண்டை. அவ்வளவேதான்.

"வேற எதையாவது கேளு" என்றாள் பிரிஜெட்.

"வேற என்னா இருக்கு உங்ககிட்ட?"

"நீ யார்கிட்டயாவது சொன்னியா?"

"சொல்லியிருந்தா உங்க தெருவுல எனக்கு எவ்வளவு மரியாதை கெடைச்சிருக்கும்! மூணு வருஷமா வாயைக் கட்டிக்கிட்டு இருக்கேன். அந்தத் தெருவுல பொறந்து வளந்தவளுக்கு அது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும். நானாக இருந்தால் மூன்று மணி நேரம் தாங்கியிருக்க மாட்டேன்.

அவர்கள் திரும்பி வரும்போது மணி ஒன்று. ரெமிஜியஸ் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, அதுவரை தான் தைத்த கர்னல்களின் இடுப்பளவுகளை மகளுக்கு வரிசையாக ஒப்பித்துக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுக்கச் சொன்னார்கள். அவருக்குத் தெரிந்த பேச்சு அது.

"பெர்னதெத், அம்மா வந்திருக்கேன். கதவைத் தொற."

உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "அங்க தூணு எதுவும் இல்லையா?"

பிரிஜெட் கதவில் வைத்த கையை எடுத்துக்கொண்டாள்.

தையல் அறைக்கு ஒரு ஜன்னல் உண்டு. பின்கட்டைப் பார்த்தது. பின்கட்டில் துவைக்கிற கல். அதற்கப்பால் மூன்று வீடுகளின் பின் ஜன்னல்கள். திருவிழாவானதால் நாங்கள் எல்லோரும் வீட்டில்தான் இருந்தோம், கிளாரன்ஸ் மனைவி உட்பட. பிரிஜெட்டுக்கும் அது தெரியும். அவள் நிமிர்ந்து மூன்று ஜன்னல்களையும் ஒரு முறை பார்த்தாள். போய்த் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். கொண்டை ஊசிகளை எடுக்க ஆரம்பித்தாள்.

பதினொரு ஊசிகள். பிறகு கொண்டைக்குள் கையை விட்டு நீளமாக ஒரு பொய்முடிச் சவுரியை உருவி, கல் மேல் வைத்தாள். வழவழப்பாக, மினுக்கென்று, நாங்கள் கண் வைத்த அழகெல்லாம் அந்தக் கல்லில் சுருண்டு கிடந்தது. தலையில் மிச்சமிருந்தது தோள் வரைக்கும் கூட இல்லை. உடைந்து, சிலிர்த்து, அங்கங்கே நரைத்து, ஒவ்வொரு மயிரும் தனித்தனியாக வீட்டை விட்டுக் கிளம்பிய முடி.

கிளாரன்ஸ் வீட்டு ஜன்னலில் பாத்திரம் ஏதோ கீழே விழுந்தது.

தையல் அறை ஜன்னல் கொஞ்சம் திறந்தது.

"அப்பா வீட்டு முடின்னு சொன்னே."

"சொன்னேன்."

"பொய்யா?"

"பொய்தான்."

"அப்பா! உங்களுக்குத் தெரியுமா?"

ரெமிஜியஸ் எழுந்து கதவு இடுக்கில் வாயை வைத்தார். "கல்யாணமாகி பதினேழு வருஷம் ஆச்சேம்மா."

"அப்பறம் ஏன் பேசாம இருந்தீங்க?"

"எனக்குத்தான் முடியே இல்லையே. என் பேர்ல போட்டா எனக்கு என்னா நஷ்டம்?"

அதற்குமேல் உள்ளே இருந்தவளால் அழுகையை அடக்க முடியவில்லை, சிரிப்பையும் அடக்க முடியவில்லை. தாழ்ப்பாள் திறந்தது. ரெமிஜியஸ் முதலில் கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டார். வெளிச்சத்தில் பிடித்து அதன் முனையைப் பார்க்கவும் செய்தார், பாவம், பழக்கம். வலது காதுக்கு மேலே ஒரு கைப்பிடி முடி போயிருந்தது. மற்றதெல்லாம் கஞ்சி காய்ந்து, திப்பி திப்பியாக, தப்பித்திருந்தது.

பிறகு மௌரீன் முக்காலியில் உட்கார்ந்து உத்தரவு போட்டாள். பிரிஜெட் செய்தாள்.

"வெதுவெதுப்பா ஊத்துங்க. தேய்க்காதீங்க, துணியா அது? கஞ்சி தானா எறங்கட்டும். இப்ப அந்த வெந்தயத்தை அரைச்சுக்கிட்டு வந்தேன் பாருங்க, செம்பருத்தி இலையோட, அதை வழியவிடுங்க. வழுக்குதா? இப்ப விரலால. சீப்பு வேணாம். அண்ணி! உச்சியிலேருந்து இழுக்காதீங்க. நுனியில ஆரம்பிங்க. நுனி விட்டா கொஞ்சம் மேல. அது விட்டா இன்னும் மேல."

"சிக்கு இருக்கே."

"இருக்கும். பதினஞ்சு வருஷமா காஞ்ச தலையிலதானே சீப்பை ஓட்டினீங்க. ஈரத்துலதான் அது பேச்சைக் கேக்கும்."

துண்டால் துவட்ட விடவில்லை. ரெமிஜியஸின் பழைய மல் வேட்டியால் ஒற்றி எடுக்கச் சொன்னாள். தேங்காயெண்ணெய் இரண்டே சொட்டு, உள்ளங்கையில் தேய்த்து, ஈர முடியில் நுனிக்கு மட்டும். முக்காட்டில் ஏறாது. பிறகு ஈரத்தோடு தளரப் பின்னல். முடி நேராகிவிடவில்லை. ஆனால் இத்தனை நாள் தனித்தனியாகப் போனதெல்லாம் பத்துப் பத்தாகச் சேர்ந்து, வளைந்து வளைந்து, ஒரே திசைக்குப் போக ஆரம்பித்தது.

பின்னல் பாதி முடிந்தபோது, தலையைத் திருப்பாமலே பெர்னதெத் கேட்டாள்.

"ஏம்மா தூணுக்குப் பின்னாடி போனே?"

பிரிஜெட்டின் கை நின்றது. "எல்லாரும் என் தலையைப் பாத்துச் சிரிக்கிற மாதிரி இருந்துச்சுடி. காலு தானா போயிடுச்சு."

"அது என் தலைம்மா."

பிரிஜெட் பின்னலை முடித்து நாடா கட்டினாள். அவிழ்ந்துவிடாமல் இரண்டு முடிச்சு.

நாலரை மணிக்குக் கோயில் முற்றத்தில் சப்பரம் தயாராக நின்றது. கொடியின் நாலாவது ரிப்பன் ஜூடித்தின் கையில் இருந்தது. பெர்னதெத் கூட்டத்தின் ஓரத்தில் வந்து நின்றதும் பேச்சு அடங்கியது. மதர் வந்தார். முக்காட்டைத் தொட்டுப் பார்த்தார், எண்ணெய் இல்லை. பின்னலைப் பார்த்தார். காதுக்கு மேலே வெட்டுப்பட்ட இடத்தில் குட்டை முடி நாலைந்து வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் உதட்டை இறுக்கிக்கொண்டார்.

"இந்தப் பெண்ணின் தாய் எங்கே?"

"நான்தான், மதர்."

பிரிஜெட் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். வந்தவள் முந்தானையைத் தலையிலிருந்து இறக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். கொண்டை இல்லை. சின்னதாக ஒரு முடிச்சு, சுற்றிலும் சிலிர்த்த முடி. வெட்கத்தில் முகம் காது வரைக்கும் கன்றிப் போயிருந்தது. ஆனால் முந்தானையைத் திரும்ப எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை.

"என்னோட முடி மதர் அது. அவ மேல தப்பு இல்ல."

மதர் அம்மாவின் தலையைப் பார்த்தார். பெண்ணின் தலையைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, அது எந்தத் தமிழ்ப் புத்தகத்திலும் அவருக்குக் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

"நேரமாகிறது" என்றார். ஜூடித்திடமிருந்து ரிப்பனை வாங்கி பெர்னதெத்தின் கையில் கொடுத்தார்.

கிளாரன்ஸ் மனைவிக்கு இந்தத் தடவை இருமல் வரவில்லை. அவள் முகம் போன போக்கைப் பார்த்தால், அந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை என்று தெரிந்தது.

ஊர்வலம் கிளம்பியதும் தூறலும் கிளம்பியது. அல்சூர் பக்கம் திரும்புவதற்குள் பெர்னதெத்தின் முக்காட்டைச் சுற்றி முடி எழும்பிவிட்டது. அவள் கை ரிப்பனை விட்டு மேலே போகவில்லை. எங்கள் தெரு முனையில் பிரிஜெட் நின்றிருந்தாள், அதே தலையோடு. அந்த முனையைத் தாண்டும்போது பெர்னதெத் திரும்பினாள். அம்மாவின் முகத்தை அவள் பார்க்கவில்லை. தலையைத்தான் பார்த்தாள், யாரோ உறவுக்காரரை அடையாளம் கண்டுகொண்ட மாதிரி. சிரிக்கவில்லை. மறுபடி முன்னால் பார்த்து நடந்தாள்.

பின்னாலேயே மாதா சப்பரம் வந்தது. அதைப் பார்த்ததும் கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. ஒவ்வொரு வருஷமும் சப்பரத்தைச் சுற்றி விறைப்பாக நிற்கும் மடிப்புத் துணி, துவைத்துப் போட்டபடியே துவண்டு தொங்கியது. கோயிலில் எடுபிடி வேலை பார்க்கும் கோயில்பிள்ளை டெஸ்மண்ட் மத்தியானம் வந்து, யாரும் கவனிக்காததால், பிரிஜெட் வீட்டுத் துணிக்கொடியில் கிடந்ததை அப்படியே உருவிக்கொண்டு போய்க் கட்டியிருந்தான். அன்று மாலை அந்த ஊர்வலத்தில் கஞ்சி போட்டது என்று ஒன்றுமே இல்லை.

சப்பரம் திரும்பி வந்து சேர்ந்ததும் டெஸ்மண்ட் ஓடி வந்தான். "பிரிஜெட்டக்கா, சாமியார் உங்களைப் பூசை உடுப்பு மாத்துற அறைக்கு வரச் சொல்றார். இருபது வருஷத்துல மாதா இப்பிடித் தொவண்ட துணியோட போனதில்லையாம். கஞ்சிக்கு வாங்கின ஜவ்வரிசி எங்கே போச்சுன்னு கேக்கறார்."

"அதைப் போய் எப்பிடிக்கா சொல்லுவீங்க?" என்றான் மறுபடி, தணிந்த குரலில். அதற்குள் அவனுக்கும் தெரிந்திருந்தது. நம் தெருதானே.

பிரிஜெட் கோயிலுக்குள் நடந்தாள். அந்த அறைக்குப் போகும் வழி அந்தோணியார் தூணைத் தாண்டித்தான். காலையில் நின்ற இடத்துக்கு வந்ததும் ஒரு கணம் தயங்கினாள். ரிப்பனைச் சுருட்டிக் கையில் வைத்தபடி பெர்னதெத் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியுமோ என்னவோ.

தூணுக்கு முன்பக்கமாகவே போனாள்.